பட்டாசும் ஊர்க்கட்டுப்பாடும்

வெடி எங்கும் ஒன்றே. ஆயினும் அதனை எங்கே, எப்பொழுது, யார் கொளுத்தலாம் என்னும் விதி ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஓர் ஊரில் வாசலில் நின்று பட்டாசு கொளுத்துவது பண்டிகைக் கொண்டாட்டம். எல்லையைக் கடந்து அடுத்த நாட்டில் கால் வைத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். இதனைக் காண்போர், சட்டத்திற்கு நிலையான கொள்கை இல்லையோ என்று ஐயுறுவதுண்டு. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, அதில் நியாயம் எவ்வளவு என்பதைப் பேராக் மாநிலத்துக் காம்பாரை முன்வைத்து ஆராய்வோம்.

மூன்று பண்டிகை, மூன்று வேளை

காம்பார், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த நகரம். நெருங்கிய கடைவீதிகளில் சீனரும், சுற்றியுள்ள கம்பங்களில் மலாய்க்காரரும், ரப்பர்த் தோட்டங்களிலும் அவற்றைவிட்டு வந்தமைந்த குடியிருப்புகளிலும் தமிழரும் வாழ்ந்து வரும் வட்டாரம் இது. மூன்று இனத்தாருக்கும் வெடியோசை பண்டிகையின் ஓர் அங்கம். ஆனால் அவர்கள் வெடிக்கும் வேளை ஒன்றன்று.

சீனருக்குப் புத்தாண்டு பிறக்கும் நடுநிசியே முக்கியம். தீய சக்திகளை ஓட்டிப் புதிய ஆண்டை வரவேற்பதாக நம்பி அந்நேரத்தில் வெடிக் கொத்துகளைக் கொளுத்துவர். பட்டாசைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கே 'வெடிக்கும் மூங்கில்' என்பது பொருள். வெடிமருந்து தோன்றுமுன்னர் பச்சை மூங்கிலைத் தீயிலிட்டு ஓசை எழுப்பிய வழக்கத்தின் சுவடு அது. அவர்களுள் ஹொக்கியன் மரபினர், புத்தாண்டின் ஒன்பதாம் நாளையும் வானுலக வேந்தரின் திருநாளாகக் கருதி, அதற்கு முந்திய இரவில் வழிபட்டு வெடிப்பர்.

மலாய்க்காரரின் கம்பங்களில் நோன்பு மாதத்து இரவுகளிலும் பெருநாளை ஒட்டியும் சிறுவர்கள் மூங்கில் பீரங்கி வெடிப்பது பழைய வழக்கம். நோன்பு திறந்து, தொழுகை முடிந்தபின் வரும் முன்னிரவே அவர்களுடைய வேளை.

தமிழருக்கோ தீபாவளி விடியற்காலையிலேயே பிறக்கிறது. பொழுது புலருமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தபின் முதல் வெடி கேட்க வேண்டும். தோட்டத்து லயங்களில் யார் வீட்டு வெடி முதலில் கேட்கிறது என்று பிள்ளைகள் போட்டியிட்ட காலம் பலர் நினைவில் இருக்கும்.

இனி, 'இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு மணி வரை வெடிக்கலாகாது' என்று ஒரு விதி செய்தால் என்னவாகும்? சொல்லளவில் அது யாவர்க்கும் பொதுவான விதி. ஆனால் முன்னிரவில் வெடிப்போருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. நடுநிசியில் வெடிப்போரும் விடியலில் வெடிப்போரும் தம் பண்டிகையின் தலையாய நேரத்தையே இழப்பர். எழுத்தில் சமமாக இருக்கும் விதி, பயனில் சமமாக இருப்பதில்லை. ஊர்தோறும் விதி வேறுபடுவதற்கு முதற் காரணம் இதுவே.

இடத்தின் இயல்பு

இரண்டாவது காரணம் இடம். கம்பத்து வீட்டைச் சுற்றி வெளியுண்டு. அங்கே புஸ்வாணம் கொளுத்தினால் பொறி மண்ணில் விழும். கடைவீடுகளோ ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பவை. வரிசை வீடுகளும் அத்தகையனவே. அங்கே ஒரு வீட்டு முற்றம் என்பது அடுத்த வீட்டுச் சன்னலுக்கு ஒருசில அடி தூரம்தான். கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் கொளுத்துவோன் காலடியிலேயே அடங்குவன. வானில் பாயும் வாணம் எங்கே விழும் என்பதை அவன் அறியான். ஆகையால் பல நாட்டு விதிகள் பட்டாசை ஒரே பொருளாகக் கருதாமல், தரையில் நிற்பவை, ஓசை எழுப்புபவை, வானில் பறப்பவை என வகுத்து நோக்குகின்றன.

சட்டத்தின் இரு படிகள்

மலேசியாவில் இதற்கான அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. வெடிபொருள் பற்றிய சட்டம் இயற்றுவது கூட்டரசின் பொறுப்பு. 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் அவ்வாறு வந்தது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் ஊராட்சி மாநிலத்தின் துறை. கடைக்கும் சந்தைக்கும் தெருவோர வியாபாரத்திற்கும் உரிமம் வழங்குவது அந்தந்த ஊராட்சி மன்றமே.

1991 மே 7ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்துச் சுங்கை பூலோவில் வாணவேடிக்கைத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி வெடித்ததில் 26 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமுற்றன. அதே ஆண்டில் நாட்டில் பட்டாசுக்குத் தடை வந்தது. 'பாப் பாப்', 'ஹேப்பி பூம்' என்னும் சிறு வகைகள் மட்டுமே விலக்குப் பெற்றன. ஆயினும் பண்டிகை வரும்போதெல்லாம் வெடியோசை கேட்கவே செய்தது. கடத்தி வந்த பட்டாசுகளைப் போலீசார் பறிமுதல் செய்வதும் ஆண்டுதோறும் செய்தியாயிற்று. மறைவில் விற்கும் பொருளின் தரத்தை எவரும் சோதிப்பதில்லை என்பதே இதில் வந்த பெருந்தீமை.

2022இல் அரசாங்கம் போக்கை மாற்றிக்கொண்டு, பண்டிகைக் காலங்களில் உரிமம் பெற்று விற்க இசைந்தது. இதற்குப் போலீசாரின் அனுமதியும் ஊராட்சி மன்றத்தின் உரிமமும் வேண்டும். இங்கேதான் ஊருக்கு ஊர் வேறுபாடு புகுகிறது. 2009இல் கிந்தாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான காம்பாருக்கு உரிய மன்றம் வேறு. ஈப்போவின் மாநகர் மன்றம் வேறு. தெற்கே தாப்பாவின் மன்றம் வேறு. ஒரு மன்றம் தந்த உரிமம் மற்றொன்றின் எல்லையில் செல்லாது. திடல் எது, கடை எங்கே என்பதை அந்தந்த ஊரை அறிந்தவர்களே முடிவு செய்வது முறையும் ஆகும்.

பிற நாடுகளின் அனுபவம்

அண்டை நாடான சிங்கப்பூர் படிப்படியாகச் சென்று முழுத் தடையை அடைந்தது. 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது பட்டாசால் 6 பேர் மாண்டனர். உடனே அரசாங்கம் குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் மட்டுமே வெடிக்கலாம் என்று வரையறுத்தது. 1972இல் வெடிப்பதைத் தடுக்கச் சென்ற போலீசார் இருவர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே ஆபத்தான வாணவேடிக்கைச் சட்டம் பிறந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து, சீனர் பேட்டையில் தகுந்த காவலுடன் பொதுவிழாவாக வெடிக்க மட்டும் இடமளித்தனர். வீட்டு முற்றத்தில் இழந்ததை ஊர்த் திடலில் திரும்பப் பெற்ற கதை இது.

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் விதிகள், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வாணவேடிக்கையைத் தடுக்கின்றன. ஆயினும் நவம்பர் 5ஆம் நாள் கை ஃபாக்ஸ் இரவில் நடுநிசி வரையிலும், ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய நாள்களில் பின்னிரவு 1 மணி வரையிலும் விலக்களிக்கின்றன. குடியேறி வந்தோர் பண்டிகையையும் பெயர் சொல்லி மதித்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அவ்விலக்கு இரவில் விளக்கேற்றிக் கொண்டாடுவோருக்குப் பொருந்துமேயன்றி, விடியலில் நீராடிக் கொண்டாடும் தமிழருக்குப் பொருந்தாது.

இதே முரண்பாடு தமிழகத்திலும் எழுந்தது. 2018 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. காற்றின் தூய்மையையும் மக்களின் உடல்நலத்தையும் கருதிய தீர்ப்பு அது. எனினும், தென்னாட்டில் தீபாவளி காலைப் பண்டிகை என்று தமிழக அரசு முறையிட்டு, விடியல் நேரத்தையும் கூடுதலாகக் கேட்டது. நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்ற அளவைக் கூட்டவில்லை. அந்த இரண்டு மணியை எப்பொழுது வைத்துக்கொள்வது என்பதை மட்டும் மாநிலத்திடம் விட்டது. காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனத் தமிழகம் பிரித்துக்கொண்டது. நோக்கம் பொதுவாக நிற்க, வேளை மட்டும் வட்டாரத்திற்கேற்ப மாறலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எழுதாச் சட்டம்

எந்த மன்றமும் எழுதாத கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அமைந்தது. அதனையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களுக்கு வந்து தங்கும் பறவைகள் வெருண்டோடாதிருக்கத் தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதில்லை. பல தலைமுறையாக இதனைக் காத்து வருகின்றனர். வனத்துறையினர் பண்டிகையன்று இனிப்பு வழங்கி அவர்களைப் பெருமைப்படுத்துவதுண்டு. அங்கே காவலர் இல்லை, அபராதம் இல்லை. யாருக்காக அடங்குகிறோம் என்பது கண்ணெதிரே மரக்கிளையில் அமர்ந்திருக்கிறது. ஆதலின் அவ்விதி நிலைத்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தீக்காயமும் காற்று மாசும் எவ்வூரிலும் ஒன்றே. ஆகையால் பொருளின் தரத்தையும் விற்பனையையும் நாடளாவிய சட்டமே காக்க வேண்டும். வேளையும் இடமும் ஊருக்கு ஊர் வேறு. அவற்றை ஊராரே வகுப்பது நன்று. காம்பாரைப் போன்ற பல்லின நகரில் ஒவ்வோர் இனத்தாரும் பிறருடைய பண்டிகை வேளையை அறிந்திருத்தல் அவசியம். நடுநிசியில் சீனர் வெடிக்கையில் ஓர் இரவு உறக்கத்தைத் தமிழர் விட்டுக்கொடுப்பதும், விடியலில் தமிழர் வெடிக்கையில் சீனர் பொறுப்பதும் இயல்பாகவே நிகழக்கூடியன. அந்த இரு வேளைகளுக்கு அப்பால், நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் தெருவில் இரவெல்லாம் வெடிப்பதைப் பண்டிகை என்று எவரும் கொள்ளார்.

விதி செய்வோர் மக்களின் வேளையை அறிய வேண்டும்; மக்கள் அண்டை வீட்டாரின் செவியை அறிய வேண்டும். இவ்விரண்டும் கூடிய ஊரில் சட்டத்திற்கு வேலை குறையும்.