கொச்சியைப் படகில் போய்ப் பாருங்கள்

கொச்சிக்குக் குடும்பத்தோடு போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய்வருகிறார்கள். எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி, நாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசி, நெரிசலில் ஊர்ந்து ஃபோர்ட் கொச்சி போகிறார்கள். மாலையில் மரைன் டிரைவ் திரும்பி, சுற்றுலாப் படகில் ஒரு சுற்று வந்தால் பயணம் முடிந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் படகேறிப் போகிற ஊர் அது. அவர்கள் போகும் படகிலேயே நாமும் ஏறினால் செலவும் குறையும், ஊரும் பிடிபடும்.

வைப்பின், வல்லார்பாடம், முளவுகாடு தீவுகளை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-ல்தான் திறக்கப்பட்டன. அதுவரை நகரத்துக்கு வர அந்தத் தீவு மக்களுக்குப் படகுதான் கதி. பாலம் வந்ததும் பலர் பஸ்ஸுக்கு மாறினார்கள். அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் மட்டும் சொற்பக் கட்டணத்தில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. இப்போதும் ஓடுகின்றன.

2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்ற புதிய படகுச் சேவை வந்தது. 10 தீவுகள், 38 படகுத்துறைகள், 78 படகுகள் என்பது முழுத் திட்டம். அது படிப்படியாக வளர்ந்துவருகிறது. பேட்டரியில் ஓடும் இந்தப் படகுகளைக் கட்டியது கொச்சியிலேயே உள்ள கொச்சின் ஷிப்யார்டு. பெரிய படகில் 100 பேர் போகலாம். தொடங்கியபோது கட்டணம் 20 ரூபாயிலிருந்து 40 ரூபாய் வரை. டீசல் புகையோ இன்ஜின் இரைச்சலோ இல்லாததால், பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது.

குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஏறுமிடத்தைத்தான். பழைய படகுகளில் ஏறும்போது துறைக்கும் படகுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். தண்ணீர் ஏறியிறங்க, அந்த இடைவெளியும் கூடிக் குறையும். யாராவது கைகொடுத்தால்தான் வயதானவர்கள் தாண்ட முடியும். வாட்டர் மெட்ரோவில் துறையே மிதக்கும் மேடை. நீர்மட்டத்தோடு மேடையும் ஏறி இறங்குவதால், படகின் தளமும் அதுவும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே உருட்டிக்கொண்டு போய்விடலாம். மூட்டுவலிக்காரப் பாட்டியையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தேவையில்லை. பேட்டரியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால், இந்த மேடைதான் பெரிய சாதனை.

அடுத்தது ஆள் கணக்கு. நுழைவுக் கதவில் எண்ணித்தான் விடுகிறார்கள். படகு நிறைந்துவிட்டால் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 2015 ஆகஸ்ட் 26 அன்று இதே நீரில், வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போன படகு மீது மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடியின் அருமை புரியும்.

ஹைகோர்ட் முனையத்திலிருந்து வைப்பினுக்குச் சுமார் 20 நிமிடப் பயணம். புறப்பட்டதும் வலப்பக்கம் போல்காட்டி. 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை அங்கே ஹோட்டலாக இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். இடப்பக்கம் தெரியும் வில்லிங்டன் தீவைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள்: அது மனிதர்கள் உண்டாக்கிய தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர், முகத்துவாரத்தில் கப்பல்களை மறித்துக்கிடந்த மணல்திட்டை வெட்டி வழி ஏற்படுத்தினார். 1928-ல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. துறைமுகத்தை ஆழப்படுத்த அள்ளிய மண்ணைக் கொட்டி உயர்த்தியதுதான் அந்தத் தீவு.

ஃபோர்ட் கொச்சிக்கு நேராகவும் வாட்டர் மெட்ரோ உண்டு. ஆனாலும் வைப்பினில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் ரோ-ரோவில் மாறிப் போவதையே நான் சொல்வேன். ஆட்டோ, பைக், கார், லாரி எல்லாவற்றையும் மனிதர்களோடு ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் அக்கரை சேர்க்கும் படகு அது, 2018-லிருந்து ஓடுகிறது. காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று கடல்முகத்தைக் கடப்பது பிள்ளைகளுக்குத் தனிக் குஷி. முகத்துவாரப் பக்கம் பார்வையை வைத்திருங்கள், ஓங்கில்கள் அடிக்கடி தலைகாட்டும் இடம்.

அக்கரையில் சீன வலைகளும், வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயமும் எல்லோரும் அறிந்தவை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூத தேவாலயத்துக்குச் சனிக்கிழமை. நாள் பார்த்துப் போங்கள்.

யாரும் அதிகம் சொல்லாத இடம், ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபி கானா. அங்கே துவைக்கிறவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுக்க முன்னோரை அழைத்துவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. வரிசையாகத் தடுத்த தொட்டிகள், துவைகல், கஞ்சி போட்டு விறைத்த வேட்டிகள். கொடிக்கயிற்றில் கிளிப்பே கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரியை விரலால் நெம்பி, துணியின் முனையை அதற்குள் செருகிவிடுகிறார்கள். காற்றடித்தாலும் துணி நழுவுவதில்லை. கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டிகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. “எந்த ஊரு நீங்க?” என்று கேட்டு நின்று பேசுங்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடம் என்பதால், கேட்காமல் மட்டும் போட்டோ எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு, விடுமுறை நாட்களில் படகுத்துறை வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதி சுற்றுலா வந்தவர்கள். அந்த வரிசையின் கடைசியில், வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய தீவுக்காரர் ஒருவர் ஒவ்வொரு படகாக விட்டுக்கொண்டு நிற்கிறார். நமக்கு அது ஒரு நாள் உலா, அவருக்குத் தினப்பாடு. முடிந்தால் வார நாளில் போங்கள். காலை 10 மணிக்கு மேல் ஏறி, மாலை 4 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.