நம் ஆற்றங்கரை ஊர்கள்

ஐரோப்பிய யாத்திரை சென்று வரும் நம்மவர் பலர், தென் ஸ்பெயினில் குவாதல்கிவிர் நதிக்கரையிலுள்ள சிற்றூர்களைப் புகழ்ந்து பேசக் கேட்கிறோம். அதில் நமக்கு ஆட்சேபம் யாதுமில்லை. பிற தேசங்களைக் காண்பது அறிவை விசாலப்படுத்தும். ஆயின், தம் வாசலுக்கு அண்மையில் ஓடும் ஆற்றின் பெயரும் அறியாதவர், அயல்நாட்டு ஆற்றின் அழகை வியப்பது விந்தையே.

புதுச்சேரிக்கு வருவோர் கடற்கரையைக் காண்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் வகுத்த வீதிகளில் உலாவுகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். மேற்கே வில்லியனூரையும் தெற்கே பாகூரையும் கண்டவர் எத்தனை பேர்?

செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி வில்லியனூரை அடுத்து ஓடுகிறது. இவ்வூர்த் திருக்காமீசுவரர் ஆலயத்துத் தேரை, பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வடம் பிடித்து இழுப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். ஆள வந்தவனும் ஊராரோடு நின்று கயிற்றைப் பற்றவேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1877-இல் எழுந்த லூர்து மாதா கோயிலும் இவ்வூரிலேயே உளது. அருகே திருக்காஞ்சியில், மாசி மகத்தன்று ஆற்றங்கரை முழுதும் ஜனத்திரளாகும்.

இந்நதியின் கிளை கடலையடையுமிடத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் வீலர் துரை அங்கு அகழ்ந்து, ரோமானிய வாணிபத்தின் சின்னங்களை வெளிப்படுத்தினார். அங்குக் கிடைத்த ஜாடித் துண்டுகளுள் ஸ்பெயின் தேசத்து மீன்சாறு வந்த ஜாடிகளும் உள என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். எந்த நாட்டை நாம் நாடிச் செல்கிறோமோ, அந்நாட்டுச் சரக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆற்றங்கரையை நாடி வந்தது!

பாகூரின் பெருமை வேறு வகையது. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமளிக்கப்பட்டதைக் கூறுகிறது. கல்விச்சாலைக்கு ஊர்களையே எழுதிவைத்த காலம் அது! மூலநாதர் ஆலயம் சோழர் கால நினைவைத் தாங்கி நிற்கிறது. 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வூரருகே பொருதனர், வென்றவர் ஆங்கிலேயர், போர்க்களமானதோ நம் நிலம். பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொணர்கிறது. இவ்வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியமெனப் பெயர் பெற்றது அந்நீராலன்றோ?

இனி, வில்லியனூரை அடுத்த கீழூரைக் காணாது எவரும் திரும்பலாகாது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் அங்குக் கூடினர். 170 பேர் தாய்நாட்டோடு இணைய வாக்களித்தனர், எதிர்த்தவர் எண்மர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டபூர்வமாக நிறைவேறிற்று. அந்நிய ஆட்சி முடிந்தது பட்டணத்து மாளிகையிலன்று, ஒரு கிராமத்திலே என்பது எத்துணை பொருத்தம்!

ஆனால், சரித்திரத்தைச் சொல்லி மகிழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. செல்லிப்பட்டருகே பிரெஞ்சுக்காரர் கட்டிய படுகையணை நூறாண்டுகளுக்கு மேல் நின்று, 2021-இல் வெள்ளத்தில் இடிந்தது. மணல் அள்ளப்பட்டு, கழிவுநீர் விடப்பட்டு, ஆறு நலிகின்றது. கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பேறுகிறது. அந்நியன் கட்டிய அணையைப் பேணுவது அடிமைத்தனமன்று; பேணாது விடுவதே சுயராஜ்யத்துக்கு இழுக்கு. ஆண்டவன் போனபின் ஆற்றுக்கு நாமே பொறுப்பாளிகள்.

ஆகவே, தேசபக்தியுள்ள வாலிபர்களை வேண்டுகிறோம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்கோ பாகூருக்கோ செல்லுங்கள். கோயிலை வணங்குவதோடு நில்லாது, வாய்க்கால் கரையிலும் நடந்து பாருங்கள். உழவரிடம் நீரைப் பற்றிக் கேளுங்கள். கண்ணால் கண்ட ஆறு பாழாவதைப் பொறுக்க மனம் வராது. பொறாத மனம் பத்துப் பேருக்கு உண்டாயினும், ஆறு பிழைக்கும்.