மார்கழி விடியலில் மோட்டார் சைக்கிள் பயணம்



மார்கழி, தை மாதங்களில் விடியுமுன்னே கிராமத்திலிருந்து பெருங்குடிப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறீர்களா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். "தினமும் போற ரோடுதானே" என்று வேகம் பிடிக்காதீர்கள்.

குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும். அதற்கு மேலுள்ள வெதுவெதுப்பான காற்று, மூடி போட்டது போல் புகையை மேலே போக விடாது. 2018 ஜனவரி 13, போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே தாமதமாயின. ஆகவே ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெயில் வந்தபின் கிளம்புவதே நல்லது.

கிளம்பும் முன் கவனியுங்கள்:

• விளக்கை 'டிம்'மில் போடுங்கள். 'பிரைட்' வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும்.

• ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மட்டுமா? பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டப்படி கட்டாயம்.

• சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

• 4 வயது நிரம்பாத குழந்தையோடு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி.

விபத்து நேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பத்து நிமிஷம் லேட்டானா குடி ஒண்ணும் முழுகிடாது. இருவரும் பத்திரமாகத் திரும்புவதே குடும்ப நலம்!