பார்வைக் குறையுள்ள பிள்ளைகளும் நமது கடமையும்

பார்வை குன்றிய குழந்தையைத் தோளில் சுமந்து வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்திற்கு வரும் தாய்மார்களைக் காண்கிறோம். அவர்கள் காதுபட 'முன்வினை' என்று பேசுவோரும் நம்மிடையே உண்டு. அச்சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடும் பெற்றோரும் உளர். இதனால் வீணாவது குழந்தை கற்க வேண்டிய ஆரம்ப ஆண்டுகளே.

மூன்று மாதமாகியும் குழந்தை தாய்முகம் பார்க்கவில்லை, கண்மணியில் வெண்மை தெரிகிறது என்றால் தாமதியாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில குறைகளைக் காலத்தோடு கவனித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். குறை நிலையானது என்று மருத்துவர் உறுதிசெய்தால், சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத் திறனாளி அட்டை பெறுதல் அவசியம். பல உதவிகளுக்கு அதுவே வாசல்.

1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்கிற்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லமும், 1951இல் அமைந்து பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இத்துறையில் நீண்டகாலம் தொண்டாற்றி வருபவை. ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தும் வெண்கோல் நடையும் பயின்றால் பிள்ளை பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கரும்பலகை தெரியாமல் தவித்த ஒரு மாணவனைச் சோம்பேறி என்று கடிந்து பின்வரிசையில் அமர்த்தியவன் நான். அவன் தாயார் வந்து சொன்ன பிறகே உண்மை விளங்கியது. அத்தவறு இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

ஆகவே அன்பர்களே, அர்ச்சனைச் சீட்டு வாங்க நிற்கும் அத்தாயிடம் வினையைப் பற்றிப் பேச வேண்டாம். "இலாகாவுக்கு நானும் கூட வரட்டுமா, அம்மா?" என்று கேளுங்கள். அதுவும் இறைத்தொண்டே.