அரசு போட்ட ஜாமீன் கையெழுத்து

சொந்தக்காரருக்கு ஜாமீன் போட்டுச் சொத்தை இழந்தவர் கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அமெரிக்க அரசு ஒரு கார் கம்பெனிக்கு ஜாமீன் போட்டது. தன் கையிலிருந்து கடன் எதுவும் கொடுக்காமலேயே, 31 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது.

ஆண்டு 1979. ஈரான் புரட்சியால் பெட்ரோல் விலை எகிற, பெரிய கார்களைச் சீண்ட ஆளில்லை. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய கார் கம்பெனியான கிரைஸ்லரில் ஒரு விசித்திரப் பழக்கம் வேறு இருந்தது: டீலர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே கார்களைச் செய்து குவித்துவிட்டு, பிறகு விலையைக் குறைத்து அவர்கள் தலையில் கட்டுவார்கள். டெட்ராய்ட் சுற்றுவட்டார மைதானங்களில் ஆயிரக்கணக்கான கார்கள் வெயிலிலும் பனியிலும் கிடந்தன. அந்த ஆண்டு நஷ்டம் சுமார் 110 கோடி டாலர். ஃபோர்டு கம்பெனி வெளியேற்றிய பின் இங்கே வந்து தலைமையேற்ற லீ அயகோக்கா அரசிடம் உதவி கேட்டார்.

1980 ஜனவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசை ஜாமீன்தாரர் ஆக்கியது. ஒரு கையெழுத்து அப்படி என்ன செய்துவிடும்? முழுகப்போகும் கம்பெனிக்கு எந்த வட்டிக்கும் கடன் கிடைக்காது. அரசு பின்னால் நின்றால், முதலீட்டாளர் பார்ப்பது கம்பெனியை அல்ல, அரசை. கார் வாங்குகிறவருக்கும், நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்ற கவலை குறைகிறது.

ஆனால் அரசு சும்மா கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் சுமார் 200 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. தொழிலாளர்கள் 46 கோடி டாலர் சம்பளத்தை விட்டார்கள். கடன் கொடுத்திருந்த 400 வங்கிகள் வரை, ஒவ்வொன்றும் சம்மதிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நிபந்தனைதான் சூட்சுமமானது. கிரைஸ்லரின் 1.44 கோடி பங்குகளை, 1990 வரை எப்போது வேண்டுமானாலும் தலா 13 டாலருக்கு வாங்கும் உரிமைச் சீட்டுகளை அரசு கேட்டு வாங்கியது. அன்றைய சந்தை விலை அதைவிட வெகு குறைவு. கம்பெனி மூடப்பட்டால் அவை வெற்றுக் காகிதம். பிழைத்து எழுந்தால் பணம்.

பிழைத்தது. எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் ‘கே கார்’ கைகொடுக்க, வாங்கிய 120 கோடி டாலர் கடனைத் தவணைக்கு ஏழு ஆண்டு முன்னதாக, 1983-இலேயே கிரைஸ்லர் அடைத்தது. சீட்டுகளைத் திருப்பித் தரும்படி கேட்டுப் பார்த்தது. அரசு மசியவில்லை, ஏலம் விட்டது. அதிக விலை கேட்டு எடுத்ததும் கிரைஸ்லர்தான்: 31.1 கோடி டாலர்!

இது எப்போதும் பலிக்கும் வித்தை அல்ல. 2009-இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸில் அதே அரசு ஏறத்தாழ 4,950 கோடி டாலரை இறக்கி, 60.8 சதவீதப் பங்குகளை எடுத்தது. கம்பெனி பிழைத்தது, 2013-இல் கடைசிப் பங்குகளை விற்றபோது அரசுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கிரைஸ்லர் லாபக் கணக்கிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது: சிக்கன நடவடிக்கையில் வேலை போன பல்லாயிரம் பேருக்கு அந்தச் சீட்டுகளில் பங்கில்லை.