உட்கார மறுத்த மனிதர்!

கெலமங்கலத்தில் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே வந்தார் நண்பர். ஓசூர் பஸ்ஸில் பாதி சீட் காலி. "உட்காருங்க சார்... நின்னாலும் அதே டிக்கெட்தான்" என்றார் கண்டக்டர். ம்ஹூம்! பக்கத்தில் போய் விசாரித்தேன். காதோடு சொன்னார்: "கட்டிப்பா... உட்கார்ற இடத்துல!"

வெயில், மாம்பழம், உடம்புச் சூடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். நிஜக் குற்றவாளி, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் வாடகை தராமல் குடியிருக்கிற ஆசாமி. தோலில் சின்னக் கீறல் கிடைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடும்.

உடனே நம் உடம்பின் போலீஸான வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கப் பார்க்கும். கிருமி சும்மா இருக்குமா? போலீஸையே தீர்த்துக்கட்ட அதனிடம் விஷம் இருக்கிறது - லூக்கோசிடின். 1894-ல் பெல்ஜியத்தின் வான் டெ வெல்டெ கண்டறிந்தார். 1932-ல் பான்டன், வாலன்டைன் இருவரும் ஆராய்ந்ததில் அவர்கள் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. சுருக்கமாக பி.வி.எல்.

இரண்டு புரதங்களின் கூட்டணி இது. தனித்தனியாக இருந்தால் பரம சாது. ஒன்று வெள்ளை அணுவின் மேல் போய் ஒட்டும்; அடுத்தது அதோடு சேரும். நாலும் நாலும் எட்டாகி வளையம் போட்டால், அணுவின் சவ்வில் ஓட்டை. அணு பஞ்சர்! அது ஒட்டுகிற இடம் எது தெரியுமா? 'கிருமி இங்கே, ஓடி வா' என்ற அழைப்பைக் கேட்க வெள்ளை அணு வைத்திருக்கும் காது! 2013-ல்தான் இது தெரிந்தது. கட்டியிலிருந்து வரும் சீழில் நிறைய இருப்பது செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான்.

எல்லா ஸ்டெஃபைலோகாக்கஸிடமும் பி.வி.எல். கிடையாது. ஆனால் நம்ம ஊர்ச் சரக்கு ஒன்று உண்டு - 'பெங்கால் பே' ரகம். 2004-ல் இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் முதலில் பிடிபட்டது. பி.வி.எல்.லும் உண்டு, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாத பிடிவாதமும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்து, பயணிகளோடு பல நாடுகளுக்குப் போய்விட்டது என்கிறது 2019-ல் வந்த மரபணு ஆய்வு. பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல்!

சிரிக்கிற விஷயம் இத்தோடு சரி. ஃப்ளூ காய்ச்சலுக்குப் பின்னால் பி.வி.எல். கிருமி நுரையீரலில் புகுந்தால், திடகாத்திரமான இளைஞரையே சில நாளில் சாய்த்துவிடும். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது.

நண்பர் என்ன செய்திருந்தார்? கட்டியை இரண்டு முறை பிதுக்கியிருந்தார். மருந்துக் கடையில் "கட்டிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்று வாங்கிய நாலு மாத்திரையில் இரண்டை முழுங்கிவிட்டு, மீதியைப் பர்ஸில் வைத்திருந்தார். இரண்டுமே தப்பு. பிதுக்கினால் கிருமி உள்ளே பரவும்; அரைகுறை மாத்திரை, மருந்துக்கு மசியாத ரகங்களுக்கு வழிவிடும். வெந்நீர் ஒத்தடம், தனித் துண்டு, கை கழுவுதல் - இதுதான் கைவைத்தியம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ டாக்டரிடம் போங்கள். கீறிச் சீழை எடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று டெஸ்ட் செய்து சொல்வார்.

நண்பரும் போனார், கீறிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அதே பஸ். ஜம்மென்று உட்காரும் உத்தேசத்தோடு ஏறினார்...

ஒரு சீட் காலியில்லை!