பேரேட்டுக்கு முன் குறிப்பேடு

மண்டிக் கணக்குப்பிள்ளை வரவு செலவை நேராகப் பேரேட்டில் எழுதமாட்டார். நடந்தது நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் ஏறும். பேரேடு மழையில் நனைந்து போனாலும், குறிப்பேட்டை வைத்துக் கணக்கை மறுபடி எழுதிவிடலாம். வங்கிகளிலும் ஆலைகளிலும் ஓடும் சர்வர்களில் தரவுத்தளம் செய்வதும் இதையேதான். அங்கே அதற்குப் பெயர் ஜர்னல். (மாற்றத்தை முதலில் குறித்துவிட்டுப் பிறகே தரவைத் தொடும் இந்த முறையை விரிவாக வகுத்தது, 1992-இல் வெளியான 'ஏரீஸ்' ஆய்வுக் கட்டுரை.)

ஐபிஎம் 1988-இல் கொண்டுவந்த ஏஎஸ்/400 வழிவந்த 'ஐபிஎம் ஐ' சர்வரைப் பார்ப்போம். அதில் ஒரு கோப்புக்கு ஜர்னல் போட்டுவிட்டால், பதிவு ஒன்று மாறும்போதெல்லாம் மாற்றியது எந்தப் பயனர், எந்த நிரல், எந்த நேரம் என்ற விவரமெல்லாம் வரிசை எண்ணோடு 'ரிசீவர்' என்ற தனி இடத்தில் விழும். பிற்பகலில் டிஸ்க் பழுதானால், நேற்றிரவு எடுத்த பேக்கப்பை ஏற்றி, அதன்மேல் ஜர்னலை ஓட்டலாம். பழுதான கணம் வரைக்குமான தரவு திரும்பக் கிடைக்கும். வெறும் பேக்கப் என்றால் நேற்றோடு சரி.

திட்டமிடுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மாறிய பின் உள்ள நிலையை மட்டும் பதிவதா, முந்தைய நிலையையும் சேர்த்துப் பதிவதா என்பது. இரண்டும் இருந்தால் தவறாக ஓடிய வேலையைப் பின்னோக்கி அழித்துவிடலாம். ஆனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். ரிசீவரைத் தரவு இருக்கும் அதே டிஸ்க் தொகுதியில் வைப்பது வீண் வேலை. தொகுதி போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இத்தனை இருந்தும், சம்பளக் கோப்பில் எதையும் மாற்றாமல் படித்து மட்டும் பார்த்தவரை இந்த ஜர்னல் பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தவறான பாஸ்வேர்டு போட்டவர், யாருக்கு யார் அதிகாரம் கொடுத்தார் என்பவையும் அப்படியே. இவற்றுக்குத் தணிக்கை ஜர்னல் தனியாக உண்டு. எல்லாவற்றையும் பதியச் சொன்னால் குப்பை மலையாகி, யாரும் படிக்கமாட்டார்கள். முக்கியக் கோப்புகளையும் உயர் அதிகாரம் கொண்ட பயனர்களையும் மட்டும் குறிவைப்பதே புத்திசாலித்தனம்.

தணிக்கைப் பதிவு எழுத முடியாமல் போனால் என்ன செய்வது? எச்சரிக்கை மட்டும் கொடு என்றும் சொல்லலாம், இயந்திரத்தையே நிறுத்து என்றும் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வியாபாரமே நின்றுவிடும். ஆகவே இந்த முடிவைக் கணினிப் பிரிவின் தலையில் கட்டிவிடாமல், நிர்வாகமே எடுக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஜர்னலின் ஒரு வரியைத் திருத்த முடியாது. ஆனால் அதிகாரம் உள்ளவர் ரிசீவரையே அழித்துவிடலாம். அவர் கை எட்டாத வேறொரு சர்வரில் அதன் நகல் இருந்தாக வேண்டும்.

இப்படிப் பதிவது சட்டக் கட்டாயமும்கூட: இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்க வழி இருக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் அது இயங்கியதா என்பதை ஆடிட்டர் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.